ஏழாம் சுற்றில் ‘அவிழ’

நேர்முக வர்ணனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, இருமல் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றோடு சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. நான் எழுத வந்தது ஒரே ஒரு மாலையைப் பற்றி. வானொலியில் இருந்த காலம் முழுவதும் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை எனக்கு மட்டுமே தெரிந்தவை. இந்த ஒன்று மட்டும் எட்டுப் பெண்களின் கால்களில் தெரிந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியின் புதிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன்; வார இறுதிகளில் வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளர். ஆசிரியர் கேட்டாலொழிய வகுப்பில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் எழுதிவைத்த தாளைக் கையில் கொடுத்துவிட்டால் என் குரல் நடுங்காது, ழகரம் பிசகாது. அந்த ஒரு தகுதியை நம்பித்தான், காணும் பொங்கலன்று தூத்துக்குடிக் கடற்கரைத் திடலில் உப்பளப் பெண்கள் ஆடவிருந்த பின்னல் கோலாட்டத்தை நேரடியாக வர்ணிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். அரைமணி நேர நிகழ்ச்சி. அதற்கு முன் நான் நிலையத்துக்கு வெளியே நேரடி ஒலிபரப்பில் பேசியதே இல்லை.

நிலையத்தின் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் எனக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லி அனுப்பினார். காற்றில் அமைதி விழவே கூடாது. ஐந்து நொடி சத்தம் வராவிட்டால் கேட்கிறவர் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி அதன் தலையில் தட்டுவார். அந்தத் தட்டு உன் தலையில் விழுந்ததாகவே வைத்துக்கொள் என்றார். நான் அதை மிகவும் நம்பினேன். அதனால், நடனத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நூலகத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்தேன். எந்த இடத்திலும் அமைதி விழ இடம் கொடுக்காத பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு வாக்கியத்தின் மேல் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. வண்ணக் கயிறுகள் கம்பத்தைச் சுற்றிப் பின்னுவதை முல்லை மலர்வதற்கு ஒப்பிட்டு, “அரும்பு அவிழ, இதழ் இதழாய் அவிழ, மெல்ல மெல்ல அவிழ” என்று எழுதியிருந்தேன். எந்தச் சீரில் குரலை நீட்டுவது என்று பென்சிலால் கோடுகூட இட்டிருந்தேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக ஒத்திகை பார்க்கப் போனேன். மழைக்காலம் முடிந்து பாத்திகளைத் திருத்திக்கொண்டிருந்த நேரம். உப்பு இன்னும் விளையத் தொடங்கவில்லை. அதனால் பெண்களுக்கு மாலையில் கொஞ்சம் ஓய்வு இருந்தது. உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரையில் ஒரு கம்பத்தை நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் ஒரு மரவளையம். வளையத்திலிருந்து எட்டு நூல்கயிறுகள் தொங்கின. நான்கு சிவப்பு, நான்கு மஞ்சள். ஒவ்வொரு பெண்ணும் இடக்கையில் ஒரு கயிற்றையும் வலக்கையில் ஒரு கோலையும் பிடித்திருந்தாள். சிவப்புக் கயிற்றுக்காரிகள் வலமாகவும் மஞ்சள் கயிற்றுக்காரிகள் இடமாகவும் நடக்க வேண்டும். எதிர்ப்படுகிறவளின் கோலைத் தட்டி, ஒருத்தியை உள்ளே விட்டு, அடுத்தவளை வெளியே விட்டுப் போகப் போக, கம்பத்தின் உச்சியிலிருந்து பாம்புத் தோலைப் போல ஒரு பின்னல் இறங்கி வந்தது. பின்னல் இறங்க இறங்கக் கயிறு குறைந்தது, வட்டமும் சுருங்கியது. பன்னிரண்டு சுற்று முடிந்ததும் எட்டுப் பேரும் ஒரே கணத்தில் திரும்பி, வந்த வழியே போய்ப் பின்னலைப் பிரித்தார்கள். கடைசியில் எட்டுக் கயிறும் தனித்தனியே தொங்கின, எதுவுமே நடக்காததுபோல.

பாடுகிறவர் செல்லக்கனி. நாற்பது வயது இருக்கும். தலையில் உப்புப் பெட்டி சுமந்து சுமந்து கழுத்து நேராகவே நின்றுபோனவர். வட்டத்துக்கு வெளியே நின்று, கையில் ஒரு சோடிச் சிறு வெண்கலத் தாளத்தோடு பாடினார். பாட்டு நான்கே வரி.

உப்பு விளையும் சீமையிலே
ஒருபடி முத்தும் விளையுமம்மா
கப்பல் நிக்கும் துறையினிலே
கைகொடு பின்னலைப் போடுங்கம்மா

பின்னும்போது பாட்டு இந்த வரிசையில் போயிற்று. பிரிக்கும்போது அவர் அதே பாட்டைத் தலைகீழாகப் பாடினார். கடைசிச் சொல் முதலில், முதல் சொல் கடைசியில். “போடுங்கம்மா, பின்னலை, கைகொடு” என்று சொற்கள் பின்னோக்கி நடந்தன. கடைசியிலிருந்து படித்தாலும் அதுவாகவே வரும் மாலைமாற்று என்னும் செய்யுள் வகையைப் பாடநூலில் படித்து, புலவர்களின் விளையாட்டு என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவள் நான். இங்கே ஒருவர் அதுபோன்ற ஒன்றைக் கால்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி என்று கேட்டேன்.

“ஒரு வார்த்தைக்கி நாலு எட்டு வைக்கணும்,” என்றார் செல்லக்கனி. “போன வார்த்தையிலயே திரும்பி வந்தாத்தான பின்னல் அவுறும்? நடுவுல ஒரு வார்த்தைய முழுங்குனோம்னா முடிச்சு விழுந்துரும்.”

நான் எழுதிக்கொண்டேன். எதையும் விடாமல் எழுதினேன். பேச்சில் ‘அவுறும்’ என்கிற அவர், பன்னிரண்டாம் சுற்று முடிவில் எட்டுப் பேரும் திரும்புவதற்கான கட்டளையாக “அவிழ…” என்று நீட்டிப் பாடும்போது மட்டும் ழகரம் சுத்தமாக வந்து விழுந்தது. அதையும் வியந்து குறித்தேன். ‘அவிழ: திரும்பும் சொல்’ என்று என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது, அடிக்கோடும் இருக்கிறது.

என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். “யக்கா, எழுதிக்கிட்டே இருக்கிய. கண்ணால எப்பம் பாப்பிய?”

அவள் பெயர் ராஜகனி. செல்லக்கனியின் மகள். சிவப்புக் கயிற்றுக்காரிகளில் முதலில் நடப்பவள் அவள்தான். மற்ற மூவரும் அவள் திரும்பினால் திரும்புவார்கள். தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்காரர், துறைமுகத்தில் வேலை. காணும் பொங்கலுக்கு மாப்பிள்ளையின் அம்மா பேருந்து ஏறி ஆட்டம் பார்க்க வருகிறாராம். அதைச் சொல்லி ஒவ்வொருத்தியும் அவளை ஒரு சுற்று கிண்டல் செய்தாள். அத்தை முன்னால் இடுப்பை ரொம்ப ஆட்டாதே என்றாள் ஒருத்தி. ஆட்டாவிட்டால் இடுப்பு இருக்கிறதா என்றே சந்தேகப்படுவார்கள் என்றாள் இன்னொருத்தி.

செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். பொங்கலுக்குப் போட்ட பின்னலை அவிழ்க்காமல் விடுவது அவர்களிடம் வழக்கமில்லை. சிக்கிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். யாருடைய கயிறு அறுபடுகிறதோ அந்த வீட்டில் அந்த வருடம் முழுவதும் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள்.

“மாப்பிள்ளைக்கு அம்மா, குலசைக்கார மதினி, இதெல்லாம் பாக்கக்கூடியவ. ஒரு வருசம் தள்ளிப் போட்டா அங்கன வேற பிள்ள பாக்காமலா இருப்பாவ? அதான் தாயி, கொஞ்சம் பயந்துதான் வருது.”

அதையும் எழுதிக்கொண்டேன். விடுதிக்குத் திரும்பியதும் ஒத்திகையில் கண்டவற்றைக் கொண்டு என் பன்னிரண்டு பக்கத்தைத் திருத்தினேன். சுற்றுகளின் எண்ணிக்கையைச் சரிசெய்தேன். கயிறுகளின் நிறத்தைச் சேர்த்தேன். முல்லை அரும்பை மட்டும் தொடவில்லை. அது அழகாக இருந்தது. குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட சொல்லும் பிரதியில் பென்சில் கோடிட்ட சொல்லும் ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

காணும் பொங்கலன்று திடல் நிறைந்திருந்தது. கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கை காலில் மிதிபட்டது. ஊரின் பாதி அங்கே இருந்தது. நாங்கள் வட்டத்திலிருந்து இருபது அடி தள்ளி மேசை போட்டிருந்தோம். என் முன்னால் ஓர் ஒலிவாங்கி. கோல்களின் ஓசையைப் பிடிக்கக் கம்பத்துக்கு அருகே இன்னொன்று தொங்கியது. என்னோடு வந்திருந்த பொறியாளர், என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், எதையும் கேலியாகச் சொல்பவர், நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு செய்தி சொன்னார். விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டதால் என் குரலைத் திடலின் குழாய் ஒலிபெருக்கியிலும் இணைத்துவிட்டாராம். “வீட்ல கேக்கவங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? இன்னைக்கு இந்தக் கடலும் உங்க தமிழத்தான் கேக்கப்போவுது” என்றார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்த இணைப்பில் என்ன ஆபத்து இருக்கிறது என்று யோசிக்க வேண்டியவள் நான். யோசிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது.

ஒத்திகையில் பார்த்தது எனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னால் வெளிறிய கடல். வாடைக்காற்றில் எட்டுக் கயிறும் விறைத்து நின்றன. உப்பு நீரில் நின்று வெடித்த பாதங்கள் தரையை மிதித்த மிதியில் தயக்கமே இல்லை. பாத்தியில் ஊன்றி நிற்கப் பழகிய கால்கள் அவை. எட்டுக் கோல்களும் தட்டும்போது எட்டு ஓசை கேட்கவில்லை, ஒன்றுதான் கேட்டது. உச்சியிலிருந்து பின்னல் இறங்கி வருவதைப் பார்க்கையில், யாரோ மேலிருந்து அதை நெய்து இறக்குவதுபோலவும், இவர்கள் அதற்குக் கீழே சும்மா நடப்பதுபோலவும் இருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். என் வாக்கியங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. கண் தாளில் பாதி, வட்டத்தில் பாதி.

ஏழாம் சுற்று. செல்லக்கனி “கப்பல் நிக்கும்” என்று பாடினார். அந்த இடத்தில்தான் என் பிரதியில் முல்லை அரும்பு வந்தது.

“அரும்பு அவிழ…” என்று நீட்டினேன். குழாய் ஒலிபெருக்கி அதை என்னைவிட நன்றாக நீட்டியது.

கோல் ஓசை நின்றது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பெண்கள் நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஓசை மட்டும் இல்லை. பிறகு பார்த்தேன். ராஜகனி திரும்பியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று சிவப்புக் கயிறுகளும் திரும்பியிருந்தன. அந்தக் கணத்தில் குழாய்க்கு நேரே இருந்தவள் ராஜகனி; மற்ற மூவரும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். மஞ்சள்காரிகள் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் செல்லக்கனியின் வாயிலிருந்து வரவில்லை என்று உணர்ந்தார்கள். விளைவு ஒன்றுதான்: எட்டுப் பேரும் இப்போது ஒரே திசையில், இடமாக, சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே வருகிறவள் யாருமில்லை. தட்டுவதற்குக் கோல் இல்லை. கயிறுகள் பின்னாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பத்தில் முறுக்கிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு சுற்று இப்படிப் போனால் அறுக்காமல் எடுக்க முடியாது.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவன் சீழ்க்கை அடித்தான். முன்வரிசையில் பெண்கள் பகுதியில், கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிய ஓர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். அவர்தான் குலசைக்காரர் என்று ஆட்டத்துக்கு முன் எனக்குக் காட்டியிருந்தார்கள்.

என் தாளில் அடுத்த வரி “இதழ் இதழாய் அவிழ” என்று இருந்தது. பொறியாளர் என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். பேசு, பேசு என்று பொருள். பேசினால் அது ஒலிபெருக்கியில் போகும். எதைப் பேசினாலும் அந்தப் பெண்கள் அதை ஒரு கட்டளையாகத் தேடுவார்கள். நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். கோல் ஓசையும் இல்லை, என் குரலும் இல்லை; காற்றில் அமைதி விழுந்தது. எத்தனையோ வீடுகளில் பெட்டிகளின் தலையில் தட்டு விழுவது எனக்குக் கேட்டது.

செல்லக்கனி பாட்டை நிறுத்தவில்லை. நின்றுவிடுவதுதான் எளிது, கையைத் தட்டி, ‘ஏளா, நில்லுங்க’ என்று கத்துவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நின்றிருந்தால், எந்தச் சொல்லில் பிசகினோம் என்பது எட்டுத் தலைகளில் எட்டு விதமாகக் கலைந்து போயிருக்கும். அவர் “துறையினிலே” என்று தொடர்ந்தார். “கைகொடு பின்னலைப் போடுங்கம்மா” என்று வரியை முடித்தார். ஒரே திசையில் போவதுதான் ஆட்டம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, வரியை முழுதாக முடித்தார். பிசகிய பிறகு நான்கு சொல், பதினாறு எட்டு. அவருக்கு இப்போது கணக்கு கையில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லியாக வேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் அவருடைய வெறுங்குரல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. அங்கே இருந்த இருவர் தடுமாறித் திரும்பிப் பார்த்தார்கள்.

வர்ணனையாளர் இருக்கையை விட்டு எழக்கூடாது. நான் எழுந்தேன். ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து உருவி, கம்பிவடம் இழுபட, அத்தனை பேர் முன்னிலையில் ஓடினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் பொது இடத்தில் ஓடியதில்லை. செல்லக்கனிக்கு மூன்றடி இருக்கையில் வடம் தீர்ந்தது. மண்டியிட்டு, கையை நீட்டி, அவர் வாய்க்கு அருகே பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியை மட்டும் பார்த்தார். தாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார்.

“போடுங்கம்மா,” என்று பாடினார். திடல் முழுவதும் அந்தக் குரல் விழுந்தது.

எட்டுப் பேரும் திரும்பினார்கள். முடிந்த சொல்லே மறுபடி வந்ததும் பாட்டு பின்னோக்கிப் போகிறது என்று தெரிந்து, சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக, வலமாக. நான்கு எட்டு.

“பின்னலை.” நான்கு எட்டு. “கைகொடு.” நான்கு எட்டு. கம்பத்தில் முறுக்கியிருந்த கயிறு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மடிப்பு கழன்றது. “துறையினிலே.” நான்கு எட்டு. பிறகு, “நிக்கும்” என்று பாடி, குரலை அங்கேயே நிறுத்தினார்.

நின்றார்கள். எட்டுப் பேரும், பிசகிய அதே இடத்தில், கால் தூக்கியவள் தூக்கியபடி. அரை நொடி இருக்கும். கடலின் ஓசை கேட்டது. என் முழங்காலுக்குக் கீழே மணலின் ஈரம் தெரிந்தது. செல்லக்கனி மறுபடி “துறையினிலே” என்று முன்னோக்கித் தொடங்கினார். சிவப்பு வலமாகப் போயிற்று, மஞ்சள் இடமாகப் போயிற்று. கோலோடு கோல் மோதியது. அந்த ஓசையைப் போல ஓர் ஓசையை என் பணிக்காலம் முழுவதும் நான் ஒலிபரப்பியதில்லை.

சீர் என்பதைச் செய்யுளின் உறுப்பு என்று நான் படித்திருந்தேன். ஆசிரியர் கரும்பலகையில் பிரித்துக் காட்டுவார். நாங்கள் வாய்பாடு சொல்வோம். ஒரு மனிதர் பிழையான இடத்திலிருந்து சரியான இடத்துக்கு நடந்து திரும்ப அது வழியாகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மீதிச் சுற்றுகள் முழுவதும் நான் மண்டியிட்டபடியே இருந்தேன். ஒரு சொல்லும் பேசவில்லை. பன்னிரண்டாம் சுற்றின் முடிவில் செல்லக்கனியே “அவிழ…” என்று நீட்டினார். பின்னல் மேலேறி மேலேறி மறைந்தது. எட்டுக் கயிறும் தனித்தனியே தொங்கின.

கைதட்டல் ஓயுமுன்பே குலசைக்கார அம்மாள் எழுந்து வந்துவிட்டார். நேரே கம்பத்தடிக்குப் போய், ராஜகனியின் கயிற்றை நுனியிலிருந்து கைக்கு எட்டிய வரை விரல்களால் தடவிப் பார்த்தார். முடிச்சு இல்லை. பிறகு செல்லக்கனியிடம் திரும்பினார்.

“பதினாறு எட்டு போனிய. பதினாறு எட்டு வந்திய. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பிறகு பெண்கள் நின்ற வரிசையை ஒரு முறை பார்த்தார்.

“மொதல்ல திரும்புனது யாரு?”

கூட்டத்தில் வேறு யாருக்கும் அது பிழை என்றே தெரிந்திருக்கவில்லை. முதலில் சலசலத்தவர்களும் பிறகு அதைப் புதிய ஒரு சுற்று என்று நினைத்துக் கைதட்டியிருந்தார்கள். தெரிந்த ஒருவர் இவர்தான். ராஜகனி தலையைக் குனிந்தாள். அவள் வாய் திறந்தால் பழி அவள்மீது நிற்கும், திறக்காவிட்டாலும் நிற்கும்.

அப்போது என்னிடம் எழுதிவைத்த தாள் இல்லை. நான் முன்னால் போய், முதலில் திரும்பியது அவள்தான், ஆனால் திரும்பச் சொன்னது நான் என்றேன். அவர்களுடைய கட்டளைச் சொல் எது என்று எனக்கு முன்பே தெரியும், குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன், இருந்தும் அழகுக்காக அதே சொல்லை ஒலிபெருக்கியில் சொன்னேன், அவள் கேட்டபடி நடந்தாள், பிழை என்னுடையது என்று சொன்னேன். என் குரல் நடுங்கியது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சேலையில் முழங்கால் அளவுக்கு ஈர மண் அப்பியிருந்தது.

“நீதான் அங்கன இருந்து பேசுன பிள்ளையா?”

ஆம் என்றேன்.

“நல்லாத்தான் பேசுன. ஒண்ணும் வெளங்கல.” பிறகு ராஜகனியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். “சொன்ன ஒடன திரும்புச்சு. திரும்பி வான்னு பாடுன ஒடன, அழாம, கயித்த விடாம வந்துச்சு. நான் இதுக்கு மேல என்னத்தப் பாக்கப்போறேன்?” செல்லக்கனியிடம் சொன்னார்: “மதினி, தேதி அந்தத் தேதிதான். கல்யாணத்தன்னைக்கி இந்தக் கம்பத்தயும் கயித்தயும் குலசைக்குக் கொண்டாங்க. எங்க ஊர்க்காரிய பாக்கட்டும்.”

செல்லக்கனி அப்போதுதான் கையிலிருந்த தாளத்தைக் கீழே வைத்தார். அதுவரை அதை நெஞ்சோடு அழுத்தியே பிடித்திருந்தார் போலும். ரவிக்கையில் இரண்டு வட்டங்கள் பதிந்திருந்தன.

நிலையத்தில் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். பதினோரு நிமிடம் வர்ணனையே இல்லாமல் போனது எப்படி என்று கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அந்த மூத்த அறிவிப்பாளர் அதைப் படித்துவிட்டு, நான் இருக்கையை விட்டு எழுந்தது தவறு என்றும், எழாமல் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய தவறு என்றும், இரண்டையும் ஒரே விளக்கத்தில் எழுத முடியாது என்பதால் இதைக் கோப்பில் வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார். அதன்பின் அவர் புதியவர்களுக்கு அமைதியைப் பற்றிய விதியைச் சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

நீங்கள் எத்தனையோ விழாக்களுக்குப் போவீர்கள். தேவராட்டம், ஒயிலாட்டம், கும்மி என்று எத்தனையோ ஆட்டங்களுக்கு முன்னால் உட்காருவீர்கள். சொற்களை எழுதிக்கொண்டு போங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அழகுக்கென்று எடுத்துப் போகும் சொல், அங்கே ஒருவரின் காலைத் திருப்பும் சொல்லாக இருக்கக்கூடும். போன இடத்தில் எந்தச் சொல் யாருடையது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டது என்னைப் போலக் குறிப்பேட்டிலேயே தங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதக் கடைசியில் நான் திருச்செந்தூர் போய், அங்கிருந்து வேறு பேருந்து மாறிக் குலசேகரன்பட்டினம் சென்றேன். ஒலிவாங்கி இல்லை, தாள் இல்லை. மணப்பந்தலுக்கு எதிரே கம்பம் நட்டிருந்தார்கள். ராஜகனி மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்ததால் அவள் கயிற்றை வேறொருத்தி பிடித்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தம் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றையும் உதடசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் சுற்று தொடங்கியதும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“தாயி, இப்பம் மட்டும் வாயத் தொறந்திராத.”

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டே. செல்லக்கனி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, தம் சொல்லைத் தாமே சொன்னார். எட்டுப் பேரும் திரும்பினார்கள்.